கேட்போரும் களனும்: அண்ணாமலையில் யாப்பு

கத்தி, பாட்டி, வண்டி, தூண்டி, நாடி, அம்மி, பல்லி. யாப்பருங்கலக்காரிகை படித்த ஒருவரிடம் இந்த ஏழு சொற்களைக் கொடுத்து அலகிடச் சொன்னால் ஏழுக்கும் ஒரே விடை வரும்: நேர் நேர், தேமா. குறில் ஒற்றடுத்து வந்தாலும், நெடில் தனித்து வந்தாலும், நெடில் ஒற்றடுத்து வந்தாலும் அது நேரசை. வெண்பாவோ அகவலோ எழுத இந்தக் கணக்கு போதும். இதே ஏழு சொற்களை வண்ணம் பயின்றவரிடம் கொடுத்தால் ஏழு விடை வரும். கத்தி என்பது தத்த, பாட்டி தாத்த, வண்டி தந்த, தூண்டி தாந்த, நாடி தான, அம்மி தன்ன, பல்லி தய்ய. இவற்றோடு 'கிளி' என்பதற்குரிய தன என்பதையும் சேர்த்தால் எட்டு ஆகும். வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839–1898) வண்ணத்தியல்பில் வகுத்துச் சொல்லும் அடிப்படைச் சந்தங்கள் இந்த எட்டுதான்.

ஒரே மொழியின் அதே ஏழு சொற்களை ஓர் இலக்கணம் ஒன்றாகக் கேட்கிறது, இன்னொன்று ஏழாகக் கேட்கிறது. இரண்டில் எது சரி என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. ஓலையில் எழுதி அவையில் அரங்கேற்றும் பாட்டுக்கு ஒரு செவி வேண்டும். தாளத்தோடு கோயில் பிராகாரத்தில் பாடும் பாட்டுக்கு வேறு செவி வேண்டும். கவிதையையும் நாடகத்தையும் ஆராய்பவர் அலகிட்டு வாய்பாடு எழுதுவதற்கு முன்னால், இந்த யாப்பு யாருடைய செவிக்காகக் கட்டப்பட்டது, எந்த இடத்தில் ஒலித்தது என்று கேட்டாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கட்சி. அதைச் சோதித்துப் பார்க்கத் திருவண்ணாமலையை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. மாணிக்கவாசகர் முதல் ரமணர் வரை ஒரே மலையைச் சுற்றி, ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் எத்தனையோ பா வடிவங்கள் பிறந்திருக்கின்றன. அந்த மலைக்கு வடகிழக்கே செய்யாற்றுப் பக்கத்து ஊர்களில் தெருக்கூத்து இன்றும் விடிய விடிய நடக்கிறது.

தொல்காப்பியச் செய்யுளியல் தொடக்கத்திலேயே செய்யுளின் உறுப்புகளை 34 என்று எண்ணுகிறது. பிற்காலக் காரிகை எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என ஆறோடு நின்றது. நம் வகுப்பறைகள் அந்த ஆறையே பிடித்துக்கொண்டன. தொல்காப்பியர் வரிசையிலோ மாத்திரைக்கும் அசைக்கும் சமமாகக் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு ஆகியவையும் செய்யுள் உறுப்புகளாக நிற்கின்றன. அகப்பாட்டுக்குள் யார், யாரிடம், எங்கே பேசுகிறார்கள் என்பதே அங்கே இவற்றின் முதன்மையான பொருள். அதைப் பாட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் கேட்போருக்கும் அவர்கள் கூடிய களத்துக்கும் நீட்டிக்கொள்வது என் துணிபு. ஆனாலும், பேசுபவரும் கேட்பவரும் இடமும் செய்யுளின் உறுப்புகளே என்ற அடிப்படை தொல்காப்பியர் போட்டதுதான்.

களன் யாப்பை மாற்றுவதற்கு மிக அண்மைய, ஐயத்துக்கு இடமில்லாத சான்று ரமணரின் 'உள்ளது நாற்பது'. 1928இல் எழுதப்பட்ட இந்நூல் இரண்டு மங்கலப் பாடல்களும் நாற்பது வெண்பாக்களும் கொண்டது. மெய்ப்பொருளைப் பற்றிய தருக்கம் முழுவதையும் நாலடி நாலடியாகப் பிரித்துச் சொல்ல வெண்பா இசைந்து கொடுத்தது. ஒவ்வொரு வெண்பாவும் ஒரு கருத்தை எடுத்து, வளர்த்து, மூன்று சீர் கொண்ட ஈற்றடியில் நிறுத்திவிடும். நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் முடியும் அந்தக் கடைசிச் சீர் கதவைச் சாத்துகிற வேலையைச் செய்கிறது. தனியாக உட்கார்ந்து படித்து யோசிப்பவருக்கு இந்த நிறுத்தம் தேவை. பலர் சேர்ந்து பாராயணம் செய்யும்போது அதுவே தடையாகும்: நாற்பது இடங்களில் குரல் நிற்க வேண்டும், அடுத்த பாட்டின் முதற்சொல்லை நாற்பது முறை நினைவிலிருந்து தேடி எடுக்க வேண்டும்.

ரமணர் செய்த மாற்றம் மிகச் சிறியது. ஒவ்வொரு வெண்பாவின் ஈற்றடியிலும் குறைகிற அளவை நிரப்ப ஒரு சிறு தொடரைச் சேர்த்தார். மூன்று சீரடி நான்கு சீரடி ஆயிற்று. வெண்டளை அறுபடாமல் அடுத்த பாட்டுக்குள் ஓடியது. தனித்தனி வெண்பாக்கள் ஒரே கலிவெண்பாவாக இணைந்தன. 'உபதேசக் கலிவெண்பா' என்று அதற்குப் பெயர். பழைய சொற்கள் அப்படியே இருக்கின்றன, வாதமும் அப்படியே இருக்கிறது. ஆனால் முன்பு ஒவ்வொரு கருத்தும் முடிந்து நின்ற இடத்தில் இப்போது அது அடுத்த கருத்தைக் கை நீட்டிப் பிடிக்கிறது. வெண்பா வடிவில் நாற்பது தனி முடிவுகளாக இருந்தவை கலிவெண்பாவில் ஒரே நீண்ட மூச்சாகின்றன. வடிவத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடிப் பார்க்க வேண்டும். யாப்பு என்பது பொருளுக்கு மேல் போர்த்திய ஆடை என்ற எண்ணம் அதன்பின் நிற்காது.

அவருடைய மற்ற நூல்களிலும் இந்த விழிப்பு இருக்கிறது. விரூபாட்ச குகையில் இருந்த காலத்தில் அடியார்கள் பிச்சைக்கு ஊருக்குள் இறங்கி வரும்போது பாடுவதற்கென்று பிறந்தது அட்சரமணமாலை. 108 கண்ணிகள், அகர வரிசை. நடந்துகொண்டே பாடுகிறவர்களுக்கு நீண்ட விருத்தம் உதவாது. சிறு கண்ணி வேண்டும், எல்லாரும் சேர்ந்துகொள்ள ஓர் ஈற்றுத் தொடர் வேண்டும், அடுத்த கண்ணியை நினைவுபடுத்த எழுத்து வரிசை வேண்டும். 1927இல் எழுதிய உபதேச உந்தியாரின் 30 பாட்டுகளோ, தமிழாசிரியராக இருந்து அவரிடம் வந்து சேர்ந்த முருகனார் கேட்டுக்கொண்டதால் எழுந்தவை. சிவனின் திருவிளையாடல்களை உந்தியார் வடிவில் பாடிவந்த முருகனார், உபதேசம் சொல்லும் கட்டம் வந்ததும் அதை ரமணரையே பாடித் தரச் சொன்னார். உந்தி பறத்தல் பெண்கள் ஆடிய விளையாட்டு. மாணிக்கவாசகர் அதைத் திருவாசகத்துக்குள் கொண்டுவந்திருந்தார். கருமத்தின் பயனையும் மனத்தின் வேரையும் ஆராயும் நூல் ஒரு விளையாட்டுப் பாட்டின் மூவடியில் அமைந்திருப்பதை உரைகாரர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. கடினமான கருத்து, துள்ளி விழும் குறுகிய அடி. இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுப்பதில்தான் அந்நூலின் சுவை இருக்கிறது.

மாணிக்கவாசகரிடமே வருவோம். திருவாசகத்தில் திருவெம்பாவையும் திருவம்மானையும் திருவண்ணாமலையில் அருளியவை என்று தலைப்பிலேயே மரபு குறித்திருக்கிறது. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் அவருக்குக் கோயிலும் இருக்கிறது. அம்மானை காய் வீசிப் பிடிக்கும் விளையாட்டு. ஆறடிப் பாட்டு இருபது. அதைச் சொல்லிக் கடந்துவிடலாம். திருவெம்பாவையில் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கவிதையும் நாடகமும் அங்கே பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன.

எட்டடிப் பாட்டு இருபது. வெண்டளையால் வந்த கொச்சகக் கலிப்பா. முதல் எட்டுப் பாட்டுகளில் மார்கழி விடியலில் பெண்கள் கூட்டமாக வந்து, இன்னும் எழாத தோழியரை வாசலில் நின்று எழுப்புகிறார்கள். நாடக நூலில் இருப்பது போலப் பேசுபவர் பெயர் பக்கத்தில் இல்லை. 'என்றாள்', 'என்றனர்' என்ற குறிப்பும் இல்லை. வெளியே நிற்பவர் எங்கே நிறுத்துகிறார், உள்ளே இருப்பவள் எங்கே தொடங்குகிறாள் என்பதைக் கேட்பவரே பிரித்துக்கொள்ள வேண்டும். நான்காம் பாட்டை எடுத்துக்கொள்வோம். இன்னுமா உனக்கு விடியவில்லை என்று வெளியிலிருந்து ஒரு கேள்வி. உள்ளிருந்து, எல்லாரும் வந்தாயிற்றா என்று எதிர்க்கேள்வி. எண்ணிச் சொல்கிறோம், அதுவரை தூங்கிப் பொழுதைப் போக்காதே என்று பதில். பிறகு சிவனை நினைத்து உருகி நிற்கும் நாங்கள் எண்ண மாட்டோம், நீயே வந்து எண்ணிக்கொள், குறைந்தால் போய்த் தூங்கு என்று கேலி. ஒரு தெருவின் விடியற்காலைப் பேச்சு முழுவதும் எட்டடிக்குள் இருக்கிறது.

இதில் யாப்பு என்ன செய்கிறது? பேசுபவர் மாறும் இடங்கள் எல்லாம் அடியின் தொடக்கத்தில் விழுகின்றன. எட்டடிக்கும் எதுகை ஒன்றே, ணகர ஒற்று. வெளியே இருப்பவள் தொடங்கிய எதுகையை உள்ளே இருப்பவள் அப்படியே எடுத்துக்கொண்டு பேசுகிறாள். வெளியே இருப்பவர்கள் அதை விடாமல் திருப்பி வீசுகிறார்கள். எதுகை இங்கே இரண்டு வேலை பார்க்கிறது. புதிய அடி தொடங்கிவிட்டது, ஆள் மாறியிருக்கலாம் என்று செவிக்குச் சொல்கிறது. கூடவே, இவர்கள் ஒருவரையொருவர் நன்றாகக் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறார்கள், உள்ளே இருப்பவள் தூங்கவே இல்லை என்பதையும் காட்டிவிடுகிறது. தூங்குகிறவள் எதுகை பிடித்துப் பேச முடியுமா? நடுவே தளை தட்டாமல் ஓடுவதால் கேள்விக்கும் பதிலுக்கும் இடையே மௌனம் விழ வாய்ப்பில்லை. அந்தச் சுறுசுறுப்புக்குக் காரணம் வெண்டளை.

எதுகையைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். ஆங்கிலக் கவிதை வழியாக யாப்பைப் பற்றி யோசிக்கப் பழகிய பலர் அடியின் முடிவில் ஒலி ஒத்து வருவதையே பாட்டுக்கு அடையாளமாகக் கொள்கிறார்கள். தமிழில் அதற்கு இயைபுத் தொடை என்று பெயர் உண்டு, ஆட்சி குறைவு. நம் மரபில் ஒலி ஒப்புமை அடியின் தலையில் நிற்கிறது: முதலெழுத்து ஒன்றினால் மோனை, முதலெழுத்து அளவொத்து இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. இதன் பயன் ஓலைச் சுவடியைப் பார்த்தால் விளங்கும். சுவடியில் பாட்டை அடி பிரித்து எழுதும் வழக்கமில்லை. ஓலையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எழுத்து ஓடும். புள்ளிகூடப் பெரும்பாலும் இராது. அடி எங்கே தொடங்குகிறது என்று படிப்பவருக்குக் காட்டிக் கொடுப்பது எதுகைதான். அச்சு வந்து அடியை மடக்கிப் போடத் தொடங்கிய பிறகு அந்தப் பொறுப்பைத் தாள் ஏற்றுக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டில் எதுகையை வெறும் அழகாகவோ, சுமையாகவோ பார்க்கத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஒலி எவ்வளவு வலுவான கட்டு என்பதற்குத் தாய்லாந்து ஒரு சான்று. பாங்காக் அரண்மனைப் பிராமணர்கள் மார்கழி–தையை ஒட்டிய திரியம்பாவை–திரிபாவை என்ற சடங்கில் திருவெம்பாவைப் பாடல்களை ஓதி வந்திருக்கிறார்கள். ஓதுபவர்களுக்குத் தமிழ் தெரியாது, பொருளும் தெரியாது. தலைமுறை தலைமுறையாக வாயிலிருந்து செவிக்குப் போனது அடியும் தளையும் எதுகையும் சேர்ந்த ஒலிக்கோவை.

இனி அருணகிரிநாதர். பிரபுடதேவ மாராயனைத் தம் பாட்டொன்றில் குறிப்பிடுவதால் விஜயநகரத்து இரண்டாம் தேவராயர் காலத்தவர், பதினைந்தாம் நூற்றாண்டினர் என்று கொள்கிறோம். கோபுரத்திலிருந்து விழுந்தவரை முருகன் தாங்கிப் பிடித்ததாகச் சொல்லும் கதையும், அருணாசலேசுவரர் கோயிலுக்குள் கம்பத்திளையனார் சந்நிதியில் தூணில் தோன்றிய முருகனின் கதையும் ஊரறிந்தவை. நாம் பார்க்க வேண்டியது, அந்தப் பெயரோடு நிற்கும் நூல்கள் எத்தனை விதமான யாப்பில் இருக்கின்றன என்பதுதான். கந்தரலங்காரம் கட்டளைக் கலித்துறை. ஐந்து சீரடி, நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையில் தொடங்கினால் 17. கந்தரநுபூதி சிறிய அடிகளால் ஆன 51 பாட்டு, அடங்கிய குரல். திருப்புகழோ முற்றிலும் வேறு உலகம்.

திருவண்ணாமலையில் பிறந்த முதல் திருப்புகழ் என்று மரபு காட்டும் பாட்டின் சந்தம் இது: 'தத்தத்தன தத்தத் தனதன' மூன்று முறை, கடைசியில் 'தனதான' என்ற தொங்கல். இந்த அமைப்பே பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது. ஒற்றுக்கு அரை மாத்திரை என்பது எழுத்திலக்கணக் கணக்கு. பாடும்போது குறிலும் ஒற்றும் சேர்ந்து இரண்டு எண்ணிக்கை ஆகும். அப்படி எண்ணினால் ஒரு துள்ளலில் 6, 4, 4. மூன்று துள்ளல் ஓடி, தொங்கலில் மூச்சு வாங்கி, மறுபடி ஓட்டம். காரிகை வழியில் அலகிட்டால் இந்தப் பாட்டின் உயிர் பிடிபடாது. ஒவ்வொரு 'தத்' என்ற இடத்திலும் வல்லின ஒற்றுதான் விழ வேண்டும் என்பதை நேர், நிரை சொல்லாது.

இப்போது பொருளைப் பார்ப்போம். பாட்டின் முன்பாதி முத்துப் போன்ற புன்னகையோடு தொடங்கி முருகனின் பெருமைகளை அடுக்குகிறது. பின்பாதியில் காட்சி போர்க்களத்துக்கு மாறுகிறது: பைரவி ஆடுகிறாள், கழுகும் பேயும் சேர்ந்து ஆடுகின்றன, பறை முழங்குகிறது, கோட்டான் குரலே தாளச் சொல்லாகிறது, அசுரர்கள் வெட்டுண்டு விழுகிறார்கள். வல்லொற்று அடுக்கிய சந்தம் இந்த இரண்டாம் பாதிக்கு இயல்பாகப் பொருந்தும். ஆனால் பாட்டுக்குச் சந்தம் ஒன்றுதான். புன்னகை வரும் இடத்திலும் அதே வல்லொற்றே அடிக்கிறது. அதாவது இனிமையைச் சொல்லும்போதே, இன்னும் கண்ணுக்குத் தெரியாத போர்க்களத்தின் பறை பின்னால் ஒலிக்கத் தொடங்கிவிட்டது. பின்பாதியில் பறை என்ற சொல் வரும்போது, இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானா என்று செவி உணர்கிறது. சந்தத்தைத் தள்ளிவிட்டுப் பொருளை மட்டும் உரைநடையாக எழுதிப் பார்த்தால் இரண்டு பாதியும் ஒட்டாத துண்டுகளாகக் கிடக்கும். ஒட்டவைப்பது சந்தம்.

திருப்புகழில் வடசொல் மிகுதி என்று குறை சொல்பவர்கள் உண்டு. அந்தக் காலத்து நடை என்று ஒரு விடை சொல்லலாம், அதுவும் மெய்தான். அதற்கு மேல் சந்தம் விதிக்கும் கட்டாயம் ஒன்று இருக்கிறது. தத்த வரும் இடத்தில் தத்த, தந்த வரும் இடத்தில் தந்த என்று பாட்டு முழுக்க எழுத்து வகை தவறாமல் நிரப்ப வேண்டிய கவிஞருக்கு இரண்டு மொழிகளின் சொற்குவியலும் தேவைப்பட்டது. சந்தத்தின் வெட்டு சொல்லின் நடுவில் விழுவதும் இதனால்தான். அதனால் திருப்புகழைப் பாடுவதற்குச் சந்தப் பிரிப்பும், பொருள் கொள்வதற்குப் பதப் பிரிப்பும் வேண்டியிருக்கிறது. பாடும்போது சொல் உடைகிறது. உடைந்த சொல்லை மனம் சேர்த்துக்கொள்ள ஒரு கணம் தாமதமாகிறது. அதற்குள் அடுத்த துள்ளல் வந்துவிடுகிறது. பொருளைப் பின்தொடர்ந்து ஓட வைக்கும் இந்த அவசரம் அந்தப் பாடல்களின் பக்தி அனுபவத்தில் ஒரு பகுதி என்று நினைக்கிறேன்.

இந்தப் பாடல்கள் நமக்குக் கிடைத்த வரலாறும் யாப்பின் வரலாறே. பதினாறாயிரம் பாடினார் என்பது மரபு. இன்று கிடைப்பவை ஏறத்தாழ 1,300. வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகச் சுவடி தேடிச் சேர்த்து 1894இல் முதல் பாகத்தையும் 1901இல் இரண்டாம் பாகத்தையும் அச்சிட்டார். அவர் மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை அப்பணியைத் தொடர்ந்து, அருணகிரிநாதரின் வரலாற்றையும் நூல்களையும் ஆராய்ந்து எழுதினார். சிதைந்த ஏட்டில் ஓர் எழுத்து போயிருந்தால் வெண்பாவில் அந்த இடத்துக்குப் பல எழுத்துகள் பொருந்தும். சந்தப் பாட்டில் அது குறிலா நெடிலா, வல்லொற்றா மெல்லொற்றா என்பதைச் சந்தமே சொல்லிவிடும். பாடபேதம் வரும்போது பதிப்பாசிரியருக்கு இதைவிடக் கண்டிப்பான சாட்சி கிடையாது. ஆனால் அருணகிரிநாதர் பாடிய மெட்டுகள் நமக்கு வந்து சேரவில்லை. இன்று நாம் கேட்கும் இராகங்கள் பிற்காலப் பாடகர்கள் அமைத்தவை. தில்லியில் ஏ.எஸ். ராகவன் நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு இசை அமைத்து அன்பர்களுக்குக் கற்பித்ததும் இந்த வழியில்தான். மெட்டு தொலைந்த பிறகும் தாளம் தொலையாமல் இருந்ததற்குக் காரணம், அது எழுத்துக்குள்ளேயே பதிந்து கிடந்ததுதான்.

அருணகிரிநாதரோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு பெயர் வில்லிபுத்தூரார். வாதில் தோற்ற புலவர்களின் காதை அறுக்கும் வழக்கமுடைய அவர், திருவண்ணாமலையில் அருணகிரிநாதர் கந்தரந்தாதி பாடப் பாட உரை சொல்லிக்கொண்டே வந்து, தகர வரிசை எழுத்துகளால் மட்டுமே ஆன 54ஆம் பாட்டில் திகைத்து நின்றார் என்பது கதை. வென்றவர் காதை அறுக்காமல் விட்டார் என்று கதை முடிகிறது. நடந்ததா என்பதை யாரும் நிறுவ முடியாது. ஆனால் இக்கதை யாப்பைப் பற்றிய ஒரு வாதம். செய்யுளின் ஒலிக்கட்டு ஓர் எல்லைக்கு மேல் இறுகினால் பொருள் செவிக்கு எட்டாமல் போய்விடும், அப்போது பாடியவரே வந்து விளக்க வேண்டும் என்பதைக் கதை கட்டியவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

தோற்றவர் என்று கதை சொல்லும் வில்லிபுத்தூராரின் பாரதம்தான் இந்த வட்டாரத்தின் கோடைக்காலத்தை ஆள்கிறது. திரௌபதியம்மன் கோயில் உள்ள ஊர்களில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. பிரசங்கியார் வில்லி விருத்தத்தை இராகத்தோடு பாடி, பதம் பிரித்து, கதை சொல்வார். அதே கதையை இரவில் வேடம் கட்டி ஆடுவார்கள். ஒரே விருத்தம் பகலில் விளக்கப்படும் பனுவலாகவும் இரவில் ஒரு பாத்திரத்தின் குரலாகவும் ஒலிக்கும். நாடக வடிவத்தைப் படிக்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

கூத்தில் பா வடிவங்கள் வரும் வரிசையைக் கவனிக்க வேண்டும். திரை பிடித்திருக்கிறார்கள், வேடக்காரர் திரைக்குப் பின்னால் நிற்கிறார். அங்கிருந்து விருத்தம் எழும். தாளக்கட்டு இல்லாமல், முகவீணையோ ஆர்மோனியமோ சுருதி சேர்க்க, சீர் சீராக நீட்டிப் பாடுவார். மிருதங்கம் காத்திருக்கும். அறுசீரோ எழுசீரோ எண்சீரோ, ஆசிரிய விருத்தத்தின் சீர் எல்லைகளை இங்கே தாளம் காட்டவில்லை, மூச்சு காட்டுகிறது. விருத்தம் முடிந்ததும் தரு என்னும் தாளப் பாட்டு. இப்போது தாளம் விழுகிறது, திரை விலகுகிறது, ஆட்டம் தொடங்குகிறது, பின்பாட்டுக்காரர்கள் அடியைத் திருப்பிப் பாடுகிறார்கள். அதன் பிறகு வசனம். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் கேட்க, வேடக்காரர் தாம் யார், எதற்கு வந்தோம் என்று சொல்வார். மீண்டும் விருத்தம், மீண்டும் தரு.

ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் செய்யுளும் உரைநடையும் மாறி மாறி வருவதைக் காட்டி, உயர்ந்தோருக்குச் செய்யுள், வேலையாட்களுக்கும் கோமாளிகளுக்கும் உரைநடை என்று பொதுவாகப் பாடம் சொல்வார்கள். அங்கேயே அதற்கு விலக்குகள் உண்டு. அந்த அளவுகோலைக் கூத்தின் மேல் வைத்தால் தவறிப்போகும். துரியோதனனும் வசனம் பேசுகிறான், கட்டியங்காரனும் பாடுகிறான். இங்கே வடிவம் பிரிப்பது காலத்தை. விருத்தத்தில் கதையின் காலம் நிற்கிறது. ஒரு கணத்து மனநிலை விரிகிறது. தருவில் காலம் நடக்கிறது. பயணமும் போரும் சபைக்கு வருதலும் அதில் நிகழ்கின்றன. வசனத்தில் அது நம் காலமாகிறது. ஊர்ச் செய்தியும் கேலியும் உள்ளே வரும். துகில் உரியும் இரவில் திரௌபதி விருத்தம் எடுக்கும்போது மிருதங்கம் ஓய்வதைக் கேட்டவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அர்ச்சுனன் தபசில் வேடக்காரர் உயரமான தபசு மரத்தில் படிப்படியாக ஏறிக்கொண்டே பாடுவார். கீழே பிள்ளை வரம் வேண்டும் பெண்கள், மேலிருந்து விழப்போகும் பழத்துக்கும் பூவுக்கும் காத்திருப்பார்கள். அங்கே ஒரு பாட்டின் நீளத்தை முடிவு செய்வது அடிக்கணக்கு மட்டுமா? ஏறுகிறவரின் மூச்சும், ஏற வேண்டிய மீதி உயரமும், கீழே காத்திருப்பவர்களின் நோன்பும் சேர்ந்து முடிவு செய்கின்றன. கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்று தொல்காப்பியர் அடுக்கியவை ஒரு மரத்தில் ஏறி நிற்பதைப் பார்க்கலாம்.

1891இல் பெ. சுந்தரம் பிள்ளை மனோன்மணீயத்தை வெளியிட்டபோது, லிட்டன் பிரபுவின் 'இரகசிய வழி' என்ற கதையைத் தழுவி, ஆங்கிலச் செய்யுள் நாடகங்களின் போக்கில் ஆசிரியப்பாவையே பெரும்பாலும் கையாண்டார். படிக்கச் சிறந்த நூல். எனக்கு மிகப் பிடித்தமானதும்கூட. ஆனால் தமிழ்ச் செய்யுள் நாடகம் என்றால் மனோன்மணீயம் என்று பாடத்திட்டங்கள் எழுதிக்கொண்டபோது, ஒரே இரவில் நாலைந்து பா வடிவங்களை மாற்றி மாற்றிக் கையாளும் கூத்து 'நாட்டார் கலை' என்ற வேறு அறைக்குப் போய்விட்டது. யாப்பு படிப்பவர் அந்த அறைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. கூத்தை ஆராய்பவர் ஒப்பனையையும் சடங்கையும் எழுதிவிட்டுப் பாட்டின் சீரை விட்டுவிடுகிறார். இந்தப் பிரிவினையால் நட்டப்பட்டது யாப்பியல்தான். 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி, செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரானைத் தேடிப் போனபோது, நவீன நாடகத்துக்கு வேண்டியது அந்த மரபில் இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டார். நாடகக்காரர்களுக்குத் தெரிந்தது தமிழ்த் துறைகளுக்கு இன்னும் முழுதாகத் தெரியவில்லை.

கூத்துப் பனுவல்கள் அச்சிலும் வாத்தியார்களின் நோட்டுப் புத்தகங்களிலும் இருக்கின்றன. அவற்றில் விருத்தம், தரு, வசனம் என்று தலைப்பிட்டிருக்கும். சில இடங்களில் இராகமும் தாளமும் எழுதியிருக்கும். அடி அளவைப் பார்த்து இவை யாப்பு வழுவியவை, பாமரர் கைப்பட்டவை என்று ஒதுக்குவது எளிது. சீர் ஒன்று கூடியிருக்கும் இடத்தில் பின்பாட்டுக்காரர் அதை எப்படி நிரவினார், குறைந்திருக்கும் இடத்தில் எந்த அசைச்சொல்லால் நிரப்பினார், விருத்தத்தின் எந்தச் சீரில் மிருதங்கம் நுழைந்தது, அப்போது வேடக்காரர் திரைக்குப் பின்னால் இருந்தாரா முன்னால் வந்துவிட்டாரா என்பதையெல்லாம் ஆட்டத்தின்போது உட்கார்ந்து குறித்துக்கொண்ட பிறகே அந்தப் பக்கங்களை அலகிடத் தொடங்க வேண்டும். ஒரு பாரதத்தின் பதினெட்டு இரவுகளுக்கு அப்படி ஒரு பதிப்பு வந்தால், அதன் ஓரக்குறிப்புகளில் செய்யுளியலுக்கு இன்னோர் உரை இருக்கும்.